மூன்றாம் சிலிண்டரில் குடியிருந்தவர்

மனிதர்களுக்குப் பேய் பிடித்ததெல்லாம் அந்தக் காலம். காலத்துக்கு ஏற்றபடி பேய்களும் முன்னேற வேண்டாமா? மரத்தில் தொங்கி, மழையில் நனைந்து அவற்றுக்கும் அலுத்துப் போயிருக்கும். அந்த ஊரில் அவை காரில் ஏறிக்கொண்டன. மூடிய கதவு, மெத்தை இருக்கை, பாட்டு கேட்க வசதி என்று சகலமும் இருக்கும்போது எந்தப் பேய்தான் வேண்டாம் என்று சொல்லும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பஞ்சுக் கிடங்கின் முற்றத்துக்குப் போனால் அத்தனை பேய்களையும் ஒரே வரிசையில் பார்க்கலாம். மேட்டில் திணறிய கார், சிக்னலில் நின்றபடியே குலுங்கிய கார், கிளப்பும்போது இருமிய கார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையைக் கட்டிக்கொண்டு அதன் சொந்தக்காரர். படிக்காதவர்கள் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். பல் வைத்தியர் இருந்தார், வங்கி அதிகாரி இருந்தார், தையற்கடைக்காரர் இருந்தார். மூட நம்பிக்கை ஒன்றுதான் உலகத்தில் சாதி, படிப்பு, அந்தஸ்து பார்க்காமல் எல்லாரையும் சமமாக நடத்துகிறது.

அவர்கள் காத்திருந்தது விசிறி ஐயாவுக்காக. வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தாடி, கையில் வெள்ளை இறகு விசிறி. காதோரம் மட்டும் தாடியில் கொஞ்சம் கருப்பு எட்டிப் பார்க்கும். அதைப் பற்றிக் கேட்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

ஐயாவின் முறை எளிமையானது. குலுங்கும் காரின் பானட்டைத் திறக்கச் சொல்வார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் தலையில் வரிசையாக நிற்கும் நான்கு கருப்புக் குப்பிகளில் ஒவ்வொன்றின் வயரையும் கழற்றி மாட்டுவார். இதற்குக் 'கேள்வி கேட்டல்' என்று பெயர். ஒன்றைக் கழற்றினால் இன்ஜின் இன்னும் மோசமாகத் துடிக்கும். அடுத்ததற்கும் அப்படியே. ஏதோ ஒன்றைக் கழற்றும்போது மட்டும் ஒரு மாற்றமும் இராது. பதில் சொல்லாத அந்த அறையில்தான் ஆவி உட்கார்ந்திருக்கிறது. முதல் அறை முன்னோர் சாபம், இரண்டாவது கண்ணேறு, மூன்றாவது நிறைவேறாத ஆசையோடு போனவர், நான்காவது பழைய சொந்தக்காரர் செய்த பாவம். நாலு சிலிண்டர் காருக்கு இவ்வளவுதான். ஆறு சிலிண்டர் வண்டி வாங்கும் வசதி ஊரில் யாருக்கும் இல்லாததால் மற்ற இரண்டு பாவங்கள் என்னவென்று தெரியாமலே போயிற்று.

பிறகு இன்ஜினை அணைக்கச் சொல்வார். ஆவிக்குச் சத்தம் ஆகாது. பானட் திறந்தே இருக்கும். கூட்டம் தள்ளி நிற்க, ஐயா கண்ணை மூடிக்கொண்டு விசிற ஆரம்பிப்பார். விசிறுவார், விசிறுவார், வந்தவர்கள் தேநீர் குடித்து, ஊர்வம்பு பேசி முடித்து, கால் மாற்றி நிற்கும்வரை விசிறுவார். கடைசியில் "சாவியைப் போடு" என்பார். போட்டால் வண்டி பூனை மாதிரி உறுமும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். உறை ஒன்று கை மாறும். இன்ஜினில் கோளாறு என்று எச்சரிக்கும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அதுதான் 'ஆவியின் கண்' என்று சொல்லி, அதன்மேல் ஒட்ட வட்டமான வெள்ளிக் காகிதம் ஒன்றும் தருவார். நெருப்புப் பிடித்த வீட்டில் புகையைப் பார்க்காமல் இருக்க ஜன்னலை மூடிக்கொள்வது போல இதுவும் ஒரு வழி.

சில வாரங்களில் ஆவி திரும்பி வரும். மறுபடி விசிறி, மறுபடி உறை. மூன்றாம் முறையும் வந்துவிட்டால் ஐயா பெருமூச்சு விடுவார். இந்த வண்டியை அது விடாது, உயிர்ப்பலி கேட்கும், வண்டியை இங்கேயே ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுங்கள் என்பார். ஒப்படைத்த கார்களை ஐயாவின் மச்சான் கிடங்குக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போவான். அங்கே அவை என்ன ஆகின்றன என்று யாரும் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் ஐயா சொல்லிவிட்டாரே.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒப்படைக்க வேண்டியவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சர்.

ஒரே ஒரு அறை, சுவரில் சாலைக் குறிகளின் படம், வாசலில் இரட்டை பிரேக் வைத்த ஒரு கார். இதுதான் அவளுடைய பள்ளிக்கூடம். கணவரோடு சேர்ந்து ஆரம்பித்தது. போன வருஷம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். பாடமும் பிழைப்பும் அவள் தலையில் விழுந்தன. கார் இருந்தால் பள்ளிக்கூடம், கார் இல்லாவிட்டால் சுவரில் ஒட்டிய படம் மட்டும்தான் மிச்சம்.

அவர் போன சில மாதங்களில் கார் குலுங்க ஆரம்பித்தது. எங்கே? பாலத்தின் ஏற்றத்தில். மாணவர்கள் ஏற்றத்தில் பதறி ஆக்சிலேட்டரை மிதித்தால் பக்கத்தில் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்று சொல்வது அவர் வழக்கம். இப்போது அதே இடத்தில் கார் உதறியது. காலை எடுத்தால் உதறல் அடங்கியது. மிதித்தால் மறுபடியும். காலையில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். ஆறிக் கிடந்த இன்ஜின் சமத்தாக ஓடியது. அவன் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டான். நோய் இல்லை என்று ஆன பிறகு பேயாகத்தானே இருக்க வேண்டும்? நம் ஊர்க் கணக்கு எப்போதும் அப்படித்தான்.

ஊர் பயந்தது. கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். ஆனால் டீச்சருக்குப் பயம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தனியாகப் போகும்போது பாலத்தில் கார் உதறினால் "சரிங்க, மெதுவாத்தான் போறேன்" என்று வாய்விட்டுச் சொல்வாள். காலை எடுப்பாள். உதறல் நிற்கும். சொன்ன பேச்சைக் கேட்டதும் அவர் சமாதானமாகிவிட்டார் என்று நினைத்துக்கொள்வாள். உயிரோடு இருந்தபோது அவர்கள் சண்டைகூட இவ்வளவு சுலபமாகத் தீர்ந்ததில்லை.

அதனால்தான் விசிறி ஐயா மூன்றாம் அறையைத் தொட்டு "நிறைவேறாத ஆசையோடு போனவர்" என்றபோது அவள் அழுதாள். மூன்று முறை விசிறியாயிற்று. இனி ஒப்படைக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் கார் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளில் ஒன்றை அவள் கணவர் தன்னோடு அழைத்துப் போய்விடுவார் என்றும் சொன்னார். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. யாரையும் கை நீட்டி அடித்தறியாத மனுஷன்.

முந்தின நாள், சனிக்கிழமை மதியம் நாத்தனார் வந்தாள். இறந்தவரின் தங்கை. அடுத்த தெருவில் கார் உதிரிபாகக் கடையின் கல்லாவில் நிற்பவள். வாய் கொஞ்சம் நீளம், அண்ணியோடு பெரிதாக ஒட்டுறவும் இல்லை. அண்ணன் காரை எவனிடமோ சும்மா தூக்கிக் கொடுக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டுச் சண்டைக்கு வந்திருந்தாள். டீச்சர் பாலத்துக் கதையை எல்லாம் சொன்னாள். நாத்தனார் முழுதும் கேட்டாள்.

"அண்ணி, எங்க அண்ணன் உசுரோட இருந்தப்பவே காலைல எட்டு மணிக்கு முன்னாடி படுக்கைய விட்டு எழுந்தது கிடையாது. செத்த பிறகு மட்டும் விடியக்காலைல உங்க முதல் வகுப்புக்குக் கரெக்டா பாலத்துல வந்து நிக்கிறானா?"

டீச்சருக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. நாத்தனார் அதோடு விடவில்லை. விசிறி ஐயாவின் மச்சானைத் தனக்குத் தெரியும் என்றாள். வாரம் தவறாமல் கடைக்கு வந்து இக்னிஷன் காயில் வாங்கிப் போகிறானாம். பேய் ஓட்டுகிற வீட்டில் காயிலுக்கு என்ன வேலை என்று அவளுக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம். கைப்பையிலிருந்து ஒரு கருப்புக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதுதான் இக்னிஷன் காயில், ஐயா கேள்வி கேட்கிற அதே குப்பி.

"இதான் உங்க ஆவி. பேட்டரி குடுக்கிற பன்னெண்டு வோல்ட்ல பிளக்குல பொறி வராது. இதுக்குள்ள ரெண்டு சுத்து கம்பி இருக்கு. ஒண்ணு தடிமன், இன்னொண்ணு தலைமுடி மாதிரி மெல்லிசு, அதுல ஆயிரக்கணக்கான சுத்து. தடிமன்ல ஓடுற கரண்ட்ட பட்டுனு நிறுத்தினா மெல்லிசுல பல்லாயிரம் வோல்ட் கிளம்பும். அது பிளக்குல பொறியாத் தாவி பெட்ரோல எரிக்கும். நாலு சிலிண்டருக்கு நாலு காயில். ஒண்ணு கெட்டா மூணுதான் இழுக்கும். ஆள் குறைஞ்ச பல்லக்கு மேட்டுல உதறாம என்ன பண்ணும்?"

அப்படியானால் மெக்கானிக்கிடம் போனபோது மட்டும் ஏன் ஒழுங்காக ஓடியது என்று டீச்சர் மடக்கினாள்.

"சூட்டுலதான் வியாதியே. கம்பி மேல இருக்கிற பூச்சு வருஷக்கணக்குல வெந்து விட்டுப்போயிருக்கும். இன்ஜின் சூடேறினா கரண்ட் உள்ளேயே கசியும், பொறி வராது. ஆறினா மறுபடி கொஞ்ச நாள் ஓடும்."

டீச்சர் அந்தக் குப்பியைக் கையில் எடுத்தாள். நாத்தனார் அடுத்து என்னவோ பேசிக்கொண்டே போனாள், அவள் காதில் விழவில்லை. ஆறினால் ஓடும். இன்ஜினை அணைக்க வேண்டும், பானட் திறந்திருக்க வேண்டும், யாரும் கிட்டே வரக் கூடாது, தேநீர் குடித்து முடிக்கும்வரை விசிற வேண்டும். மூன்று முறை அவள் கைகூப்பி நின்று பார்த்தது ஒரு இன்ஜின் ஆறுவதை.

முதலில் வந்தது ஆத்திரம் இல்லை. பாலத்தில் அவர் இல்லை என்பதுதான் முதலில் வந்தது. "அப்ப நான் அங்க யார்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்" என்று கேட்டாள். வாய் நீளமான நாத்தனார் எழுந்து அண்ணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போதே காயிலை மாற்றிவிடலாமா என்றாள். நாத்தனார் தடுத்தாள். இங்கே மாற்றினால் நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும், நாளைக்கு ஊர் முன்னால் பார்ப்போம் என்றாள். ஊர் முன்னால் பார்த்து, கோளாறு காயிலில் இல்லை என்று ஆகிவிட்டால்? காரும் போய், மானமும் போய்விடுமே என்றாள் டீச்சர்.

"காயில் இல்லன்னா பிளக்கப் பார்ப்போம். பிளக்கும் இல்லன்னா பெட்ரோல் பீய்ச்சுற இன்ஜெக்டரப் பார்ப்போம். ஆவியக் கடைசில பார்ப்போம் அண்ணி."

மறுநாள் டீச்சர் நேராகக் கிடங்குக்கு வரவில்லை. பாலத்தில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, இன்ஜினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு வந்தாள். முற்றத்தில் நுழையும்போதே கார் குளிர்க் காய்ச்சல்காரன் போல நடுங்கியது. கூட்டம் பயபக்தியோடு வழிவிட்டது. ஐயா வந்தார். கேள்வி கேட்டார். முதல் வயர், இன்ஜின் துடித்தது. இரண்டாவது வயர், துடித்தது. மூன்றாவது வயர், சலனமே இல்லை.

"மூன்றாம் அறை. உன் புருஷன் போக மாட்டேங்கிறாரும்மா" என்றார் ஐயா. கூட்டம் உச்சுக் கொட்டியது. மச்சான் சாவியை வாங்கக் கையை நீட்டினான்.

ஒப்படைப்பதற்கு முன்னால் அவரிடம் தானே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றாள் டீச்சர். தாலி அறுத்தவளின் கடைசி ஆசையைக் கூட்டத்துக்கு முன்னால் மறுத்தால் நன்றாக இருக்காது என்று ஐயா கணக்குப் போட்டார். அவர் வாழ்க்கையில் தப்பாகப் போன ஒரே கணக்கு அதுதான்.

அவள் இன்ஜினை அணைத்தாள். விசிறி அசைவதற்குள் நாத்தனார் ஸ்பேனரை நீட்டினாள். மூன்றாவது காயிலின் போல்ட்டைக் கழற்றி, சூடு விரலைச் சுட, அதை உருவி எடுத்தாள். முதல் காயிலையும் உருவினாள். மூன்றாவதை முதல் குழியிலும் முதலாவதை மூன்றாம் குழியிலும் இறக்கி மாட்டினாள். ஆவி இருக்கும்போது பெண்கள் தொடக் கூடாது என்று ஐயா முன்னால் வந்தார். குறுக்கே நின்ற நாத்தனார், உள்ளே இருப்பது கட்டின புருஷன், பெண்டாட்டி தொடாமல் வேறு யார் தொடுவது என்று கேட்டாள். கூட்டத்துக்கு அது நியாயமாகப் பட்டது.

சாவி திரும்பியது. கார் முன்போலவே நடுங்கியது. டீச்சர் மூன்றாவது வயரைக் கழற்றினாள். இன்ஜின் அணையப் பார்த்தது. அவசரமாக மாட்டிவிட்டு முதல் வயரைக் கழற்றினாள். சலனமே இல்லை.

பல் வைத்தியர்தான் முதலில் வாயைத் திறந்தார். மூன்றாம் அறையில் இருந்த புருஷன் இப்போது முதல் அறை முன்னோர் சாபமாக எப்படி மாறினார் என்று கேட்டார். ஐயா அசரவில்லை. ஆவி அலையும் தன்மை உடையது, தொட்டதும் இடம் மாறிவிட்டது என்றார். நம்புவீர்களா, கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். கண்ணால் கண்டதைவிடக் காதால் கேட்டதை நம்பிப் பழகிய தலைகள், தானாக ஆடும்.

"அலையட்டும். அலையறவர் ஏன் ஏழை வீட்டுக் கார்ல அலையணும்? ஐயாவோட கார்லயே வந்து இருக்கட்டும்" என்றாள் நாத்தனார்.

ஐயாவின் கார் பந்தலுக்குக் கீழே நின்றது. பளபளப்பான வெள்ளைக் கார். எந்தத் தீய சக்தியும் அண்டாது என்று சுற்றிலும் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். டீச்சருடைய காரும் அதுவும் ஒரே வகை, ஒரே காயில்தான் போடும் என்பது கடைக்காரிக்குத் தெரியும். அவள் கயிற்றைத் தாண்டிப் போய் பானட்டைத் தூக்கினாள். டீச்சர் தன் காரிலிருந்து அந்தச் சூடான காயிலை உருவிக்கொண்டு வந்தாள். மச்சான் பாய்ந்து தடுக்க வந்தான். வங்கி அதிகாரி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். ஐயாவின் சக்தியின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஒன்றும் ஆகாது தம்பி, ஐயா பார்த்துக்கொள்வார் என்றார்.

ஐயாவின் நல்ல காயில் வெளியே வந்தது. டீச்சரின் காயில் உள்ளே இறங்கப் போனது. அப்போதுதான் விசிறி கீழே விழுந்தது.

"ஏய், அதப் போடாத. அது செத்த காயில். பொறி இல்லாம மிஸ்ஸிங்கோட ஓட்டினா எரியாத பெட்ரோல் போயி சைலன்சர்ல புகையச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டர் வெந்துரும். புது வண்டிம்மா அது."

ஐயா வாயை மூடிக்கொண்டார். ஆனால் வார்த்தை போய்விட்டது.

டீச்சர் காயிலைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். அவள் குரல் பெரிதாக எழவில்லை.

"செத்தது காயிலா? இத்தனை நாள் என் வீட்டுக்காரர்னு சொன்னீங்களே."

ஐயா தாடியைத் தடவினார். டீச்சர் ஐயாவின் காயிலைக் கொண்டுபோய்த் தன் காரின் காலியான குழியில் மாட்டி, சாவியைத் திருப்பினாள். நடுக்கம் இல்லை, திணறல் இல்லை. யாரும் விசிறவும் இல்லை.

தையற்கடைக்காரர்தான் முதலில் கிடங்குக்குப் பின்னால் ஓடினார். கூட்டம் அவர் பின்னால் ஓடியது. திரும்பிப் பார்க்கக் கூடாத கார்கள் எல்லாம் அங்கே கழுவித் துடைத்து, புதுக் காயில் போட்டு, வேற்றூரில் விற்பனைக்குத் தயாராக நின்றன. தையற்கடைக்காரர் தன் காரைக் கண்டுபிடித்து உள்ளே உட்கார்ந்து கிளப்பினார். அது ஓடிய அழகைக் கேட்டு அழுதார். பிறகு இறங்கிவந்து ஐயாவின் தாடியைப் பிடித்து இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது. மச்சானையும் ஐயாவையும் போலீஸ் வரும்வரை அதே கயிற்றால் கட்டி அதே பந்தலில் நிறுத்தினார்கள். விசிறக்கூட ஆளில்லை.

டீச்சர் கூட்டத்தோடு ஓடவில்லை. ஓடிக்கொண்டிருந்த தன் காரில் உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் சீராக ஓடியது, அவள் அந்தச் சீரையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் இந்தக் காரில் இல்லை, எந்தச் சிலிண்டரிலும் இல்லை, இனி எங்கேயும் வரமாட்டார். ஒரு வருஷமாகத் தள்ளிப் போட்ட அழுகையை அவள் அங்கே அழுது தீர்த்தாள். நாத்தனார் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து தானும் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு, அந்தக் காயில் இரவல், திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட வேண்டும் என்றாள். பழைய காயிலின் அடியில் எண்ணெய் ஊறியிருந்ததையும் கவனித்திருந்தாள். இன்ஜின் மேல்மூடியில் உள்ள எண்ணெய்க் கசிவை அடைக்காவிட்டால், தேய்ந்த பிளக்கை மாற்றாவிட்டால், புதுக் காயிலும் சீக்கிரமே சாகும் என்று எச்சரித்தாள்.

இத்தோடு கதை முடிந்தது, ஊருக்குப் புத்தி வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். திங்கட்கிழமை காலை டீச்சர் பள்ளிக்கூடக் கதவைத் திறந்தபோது வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. பாடம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் என்று நினைத்து மகிழ்ந்தாள். இல்லை. வரிசையின் முன்னால் வங்கி அதிகாரி, வெறுங்காலோடு, கையில் ஓர் உறையோடு நின்றார். நேற்று 'போலி' என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தியவரும் அவர்தான். தன் கார் மேட்டில் திணறுகிறது, பெட்ரோல் வாடை வருகிறது, மஞ்சள் விளக்கு மினுக்குகிறது என்றார். அம்மா கை பட்டாலே ஆவி இடம் மாறிவிடுகிறதாமே, ஊரெல்லாம் அதே பேச்சு என்றார்.

டீச்சர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். விளக்கு மினுக்கினால் ஓட்டக் கூடாது. குலுங்குகிற சிலிண்டரின் காயிலை அடுத்ததில் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். கோளாறு காயிலோடு போனால் காயிலை மாற்ற வேண்டும், போகாவிட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும். கெடாததை மாற்றத் தேவையில்லை, கெட்டதை வைத்து ஓட்டத் தேவையில்லை. இதில் அம்மாவும் இல்லை, ஆவியும் இல்லை. வங்கி அதிகாரி பணிவோடு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"அதெல்லாம் சரிங்கம்மா. நீங்க ஒரு தடவை தொட்டுட்டீங்கன்னா போதும்."

"தொடறேன். கொஞ்சம் தலையக் குனிங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு பயபக்தியோடு குனிந்தார். வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்துக் கைகூப்பினார்கள். டீச்சர் விரலை மடக்கி அவர் உச்சந்தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"மொதல்ல இங்க பொறி வருதான்னு பாருங்க. வண்டிய அப்புறம் பார்க்கலாம்."